கலேக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர்

மனோர் பார்க், லண்டன்
12.03.1989

அன்பு மச்சாள் சிவனேஸ்வரிக்கு,

சேர்ச் றோட் முருகன் காவலில் நாங்கள் இங்கே சுகம். உமது கையெழுத்தைக் கண்ட பிறகுதான் என் நெஞ்சிடி நின்றது. தாலி ஏறமுன் மச்சாள் என்று எழுதுகிறாளே என்று பாராதேயும். நான் அவசரக்காரி.

ஏஜென்சிக்காரன் உம்மைப் பாரிசில் இறக்கி, லண்டன் அடுத்த ஸ்ரேசன் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டானாம். அவன் கட்டையில் போக. கன்னியாஸ்திரிகள் ஒரு கமத்தில் வேலையும் இடமும் எடுத்துத் தந்தது நல்லதாய்ப் போயிற்று. நீர் அங்கே அகதி விண்ணப்பம் போட்டபடியால் அசையக்கூடாது. எங்கள் தம்பி பாஸ்கரனுக்குப் பயணப் புத்தகம் வரப்போகிறது. வந்தவுடன் அவன் கப்பலேறி உம்மிடம் வருவான். அங்கேயே எழுத்து எழுதிக் கலியாணத்தைப் பதிந்தால் பிறகு விசாவுக்கு வழி உண்டென்று லோயர் சொன்னவர்.

அவன் ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டீர். பெற்றோல் ஸ்ரேசனில் அடுத்தடுத்து ஷிப்ட். படத்தில் இருக்கிற தலைமயிரை மட்டும் நம்பாதேயும், பாதி வெளிக்கிட்டுவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஏ.எல். படித்த நீர் பிழை பிடிக்காமல் வாசிக்கவேண்டும்.

ஊரில் உம்மைப் பெற்ற அப்பு கேட்கிறாராம், இரண்டு கலியாணமும் எப்போ என்று. நீர் எங்கள் பாஸ்கரனுக்கு, எங்கள் செல்வமலர் உமது தியாகராஜா அண்ணைக்கு. மாற்றுச் சம்பந்தம் என்றபடியால் ஒன்று குழம்பினால் மற்றதும் இல்லை என்று சொல்லித்தானே கை தந்தவர். ஒன்றும் குழம்பாது. இந்த வருடத்துக்குள் இரண்டும் முடியும்.

குளிருக்குக் காலுறை இரண்டு போட்டுப் படும்.

அன்பு மறவாத
தவநாயகி


பேர்க் அருகே, பிரான்ஸ்
02.04.1989

மதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் சுகமாக இருக்கிறேன். அத்தானும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வீட்டுக்கார அம்மாவின் பெயர் பெர்னடெற். ஐம்பத்தெட்டு வயது, தனியாகக் கமம் செய்கிறார். எனக்கு வேலை கிழங்கு தரம் பிரிப்பதும் மாட்டுக் கொட்டில் கழுவுவதும். அவருடைய காலஞ்சென்ற கணவர் சைக்கிள் போட்டிகளில் ஓடியவராம். அந்தச் சைக்கிள் கொட்டிலில் தொங்கியது. நான் அதை அடிக்கடி பார்ப்பதைக் கண்டு, கீழே இறக்கி, சீற்றைப் பதித்துத் தந்தார். கைபிடி ஆட்டுக் கொம்பு போல வளைந்தது. குனிந்துதான் உழக்க வேண்டும். ரயர் என் பெருவிரல் மொத்தம்கூட இல்லை.

இங்கே நிலம் தட்டை. ஒரு ஊரில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரியும், அதற்கடுத்ததும் தெரியும். பேர்க் என்பது மதில் சூழ்ந்த பழைய பட்டினம். வாசலால் நுழைந்தால் கருங்கல் பாவிய வீதி, பல்லெல்லாம் ஆடும். ஊரில் ரியூசனுக்குச் சைக்கிளில் போனவள்தானே என்று நினைத்தேன். முதல்நாள் வாய்க்காலுக்குள் விழுந்தேன்.

உங்கள் தம்பியை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

பணிவுடன்
சிவனேஸ்வரி


மனோர் பார்க்
07.05.1989

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் இங்கே குளிரோடும் லோண்டரியோடும் மல்லுக்கட்டிக்கொண்டு சுகம். வாய்க்காலுக்குள் விழுந்த பிறகு உமது முழங்கால் சுகமா. ஹோட்டல் விரிப்பு மடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரிக்கு அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளும் சிரித்தாள்.

இனிச் செய்தி. பயணப் புத்தகம் வந்துவிட்டது. ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரன் கப்பலில் கலேக்கு வருவான். நீர் துறைமுகத்துக்கு வாரும். எங்கள் வீட்டுக்காரர், உமது கணேசலிங்கம் அத்தான், கேட்கிறார், “சைக்கிளிலயோ பெட்டை வாறா? அப்ப மாப்பிளையைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு போகட்டும்” என்று. தம்பி கொஞ்சம் பாரம். ரயருக்கு நல்லாய்க் காற்றடித்துக்கொண்டு வாரும்.

உமது பெர்னடெற் மதாம் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்தேன். அவ “அல்லோ” என்றா, நானும் “அல்லோ” என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கில்லை. வைத்துவிட்டேன். கடிதம்தான் எங்களுக்குச் சரி.

பயத்தம் பணியாரம் கட்டி அனுப்புவேன்.

உமது மச்சாள்
தவநாயகி


பேர்க் அருகே
27.06.1989

மதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? யாருக்கும் திடீரென்று வருத்தம் ஒன்றும் வரவில்லையே? அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

இங்கிருந்து கலேக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். போய் வந்தால் தொண்ணூறு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்த் திரும்புவதைவிடக் கூட. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். வழி முழுக்க ஆளிவிதை வயல், நீலப் பூ. சேலையை ஒரு பையில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தேன். துறைமுகத்துக் கழிவறையில் காற்சட்டையைக் கழற்றிச் சேலை உடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொசுவம் வைத்தேன், சிரியாதேயுங்கள்.

பத்தரைக் கப்பல் வந்தது. பன்னிரண்டரைக் கப்பல் வந்தது. மூன்று மணிக் கப்பலில் எங்கள் நிறத்தில் ஒருவர் இறங்கினார். நான் எழும்பி நின்றுவிட்டேன். அவர் பாகிஸ்தான்காரர். நாலரைக் கப்பலையும் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் சேலையை அவிழ்த்து மடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். வரும்போது எதிர்க்காற்று.

பெர்னடெற் அம்மா சைக்கிள் சங்கிலிக்குத் தானே எண்ணெய் போட்டார்.

என்ன நடந்ததென்று எழுதுங்கள்.

சிவனேஸ்வரி


மனோர் பார்க்
16.07.1989

அன்பு மச்சாளுக்கு,

இங்கே ஒருவருக்கும் வருத்தமில்லை, எல்லாரும் சுகம். உமது உடம்பைப் பாரும்.

என்னை மன்னிக்கவேண்டும். அன்று காலை மனேச்சர் பாஸ்கரனைத் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான். இல்லையென்றால் வேலை போய்விடும் என்றானாம். உமக்கு அறிவிக்க வழியில்லை. நீர் துறைமுகக் கழிவறையில் கொசுவம் வைத்ததை வாசித்து நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு கண்ணைத் துடைத்தேன்.

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் பெண் மாப்பிள்ளை முதன்முதல் சந்திக்கக்கூடாது. ஆவணி கழியட்டும். அந்த மாதம் ஊரில் செல்வமலரின் கலியாணத்துக்கு நாள் வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லபடி முடியட்டும்.

ஒரு சொல். கலேயில் நடந்ததை ஊருக்கு எழுதிப்போடாதேயும். அங்கே கிழடுகள் ஒன்றை ஒன்பதாக்குவினம். உமது அப்புவுக்கும் இரத்த அழுத்தம். எல்லாம் சரி என்று மட்டும் எழுதும்.

பணியாரம் பழுதாகிப் போயிற்று, வேறு சுடுவேன்.

அன்புடன்
தவநாயகி


பேர்க் அருகே
20.08.1989

மதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதுங்கள்.

நீங்கள் சொன்னபடி ஊருக்கு எல்லாம் சரி என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஊர்ச் சைக்கிள் சங்கத்தோடு ஓடுகிறேன். பதினான்கு பேர். தபால்காரர், ரொட்டிக் கடையில் பாண் சுடுகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் போவோம். காற்றாலை நிற்கிற ஊர், மணிக்கூட்டுக் கோபுரம் உள்ள ஊர், நடுவில் கோப்பிக்கு ஒரு நிறுத்தம். மலை என்று இங்கே ஒன்றுமில்லை. காற்றுத்தான் ஆளை முறிக்கிறது. அதனால் ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்க, மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவர் களைத்தால் அடுத்தவர் முன்னுக்குப் போகவேண்டும். போன கிழமை என் முறை வந்தபோது இரண்டு ஊர் தாண்டும்வரை நான் விலகவில்லை. பாண்காரர், “இவளுக்கு யாரோடோ கோபம்” என்றார். அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்குகிறது.

மச்சாள், உங்கள் கடிதங்களில் நீங்கள் இருக்கிறீர்கள், அத்தான் இருக்கிறார், லோண்டரி வெள்ளைக்காரிகூட இருக்கிறார். உங்கள் தம்பி மட்டும் இல்லை. இதற்குள் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். என்னைப் பிடிக்கவில்லையென்றால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. சொன்னால் தாங்குவேன்.

சிவனேஸ்வரி


மனோர் பார்க்
24.09.1989

அன்பு மச்சாளுக்கு,

பதில் பிந்திவிட்டது. வேறொன்றுமில்லை, கை நோ. இப்போது சுகம். நீரும் சுகமாக இருப்பீர்.

இனிப்பு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாசியும். ஆறாம் திகதி புதன்கிழமை செல்வமலருக்கும் உமது தியாகராஜா அண்ணைக்கும் கலியாணம் நல்லபடி முடிந்தது. ஆமிக்காரன் சோதனைச் சாவடியில் மாப்பிள்ளையின் தலைப்பாகையைக்கூட அவிழ்த்துப் பார்த்தானாம். முப்பத்தாறு வயதில் என் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நினைத்து இங்கே நான் லோண்டரி முழுக்க லட்டுக் கொடுத்தேன்.

உமது கடிதத்தைப் பாஸ்கரனிடம் கொடுத்தேன். ஒக்டோபர் 15 ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கலேக்கு வருவான். இம்முறை மாறாது.

அன்புடன்
தவநாயகி


மனோர் பார்க்
10.10.1989

அன்பு மச்சாளுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கலேக்குப் போகவேண்டாம். பஞ்சாங்கம் பார்த்தேன், அன்று அட்டமி. நல்ல காரியத்துக்கு ஆகாது. பிறகு ஒரு நாள் பார்ப்போம்.

தவநாயகி


பேர்க் அருகே
16.10.1989

மச்சாள் அவர்களுக்கு,

நான் சுகம்.

உங்கள் கடைசிக் கடிதம் சனிக்கிழமையே வந்து, வீட்டுக்கார அம்மாவின் பத்திரிகைக் கட்டுக்குள் கிடந்திருக்கிறது. நேற்றுப் பொழுதுபட்டு நான் கலேயிலிருந்து திரும்பிய பிறகுதான் கண்டேன். ஆகவே நேற்றும் போனேன். கிழங்கு ஏற்றிய உழவு இயந்திரங்கள் வீதியெல்லாம் சேறாக்கியிருந்தன. இரண்டு தரம் விழுந்தேன். நேற்றும் நாலு கப்பல் வந்தது.

திரும்பி வரும்போது கிழங்கு வயலுக்கு மேலே நிலா எழும்பியது. முழு நிலா, மச்சாள். முந்தாநாள் பூரணை. அட்டமியென்றால் அரை நிலாவல்லவா? மறைக்க ஒரு மரமில்லாத ஊர் இது. வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உங்கள் கடிதத்தை அந்த நிலா வெளிச்சத்திலேயே வாசித்தேன். நீங்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. லண்டனில் தலையை நிமிர்த்தி வானத்தையும் பார்க்கவில்லை.

பிறகு உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஊருக்கு எழுதாதேயும் என்று ஜூலையில் எழுதினீர்கள். செப்டம்பர் ஆறில் உங்கள் தங்கச்சிக்குத் தாலி ஏறியது. அதுவரை நான் முன்னுக்கு நின்று உழக்க, நீங்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறீர்கள்.

பகிடியும் சிரிப்பும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள்.

சிவனேஸ்வரி


மனோர் பார்க்
12.11.1989

சிவனேஸ்வரிக்கு,

சுகம் கேட்க எனக்கு முகமில்லை. பகிடி விடாமல் எழுதச் சொன்னீர். முயற்சி செய்கிறேன்.

ஜூன் 25 விடிய பாஸ்கரன் பையோடு வந்து என் குசினியில் இருந்தான். உமக்கென்று கட்டி வைத்த பணியாரத்தை அவிழ்த்துச் சாப்பிட்டான். நாலாவது பணியாரத்தில் சொன்னான், “அக்கா, நான் மாசியிலயே எழுத்து எழுதிப்போட்டன்” என்று. நான் கேட்டேன், “ஆரோடை?” “வத்சலா. விம்பிள்டன் ஆஸ்பத்திரியிலை நேர்ஸ். இந்தியாக்காரி. அக்கா, நான் சொல்லத்தான் நினைச்சனான்.” “எப்ப சொல்ல நினைச்சனீ? அந்தப் பெட்டை அங்கை கப்பல் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்திலயோ?” அவன் ஐந்தாவது பணியாரத்தை எடுத்தான். அன்றைக்கு மட்டும் நான் கையை ஓங்கினேன், மச்சாள். வீட்டுக்காரர் பிடித்துவிட்டார்.

உமது கடிதத்தைக் கொண்டு விம்பிள்டனுக்குப் போனேன். வாசலில் வைத்தே, “நீங்களே வைச்சிருங்கோ” என்றான். வத்சலா உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தா. “யார் லெட்டர் அக்கா?” என்று கேட்டா. “ஊர்க் கடிதம்” என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பிள்ளையாயும் இருந்தா, அதுதான் எனக்குக் கூடக் கோபம். ஒக்டோபர் 15இல் போய் உமது முகத்துக்கு நேரே சொல்லு என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். “ஓம் அக்கா, போறன்” என்றான். பிறகு ஏலாது என்றான். எனக்கு அட்டமிதான் வாயில் வந்தது.

ஜூனிலேயே உமக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீர் அப்புவுக்கு எழுதுவீர், அப்பு செல்வமலரின் கலியாணத்தை நிற்பாட்டுவார். அவளுக்கு மூன்று சம்பந்தம் குழம்பினது. நாலாவதும் குழம்பினால் கிணறுதான் என்று எழுதியிருந்தாள். என் தங்கச்சியா நீரா என்று வந்தது. நான் என் தங்கச்சியை எடுத்தேன். அது தெரிந்துதான் உமக்குப் பகிடி பகிடியாய் எழுதினேன்.

நீர் இனி என்ன செய்தாலும் சரி.

தவநாயகி


பேர்க் அருகே
17.12.1989

மச்சாள் அவர்களுக்கு,

இங்கே எல்லாம் உறைந்து கிடக்கிறது. நான் சுகம்.

உங்கள் கடிதம் வந்த அன்று அண்ணைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு பக்கம். மறுநாள் தபால் கந்தோருக்குப் போக இருந்தபோது அண்ணையின் கடிதம் வந்தது. செல்வமலர் மச்சாள் முழுகாமல் இருக்கிறாவாம். சத்தியும் தலைச்சுற்றுமாம், அண்ணை தானே சோறு சமைக்கிறாராம். கீழே அப்பு தன் கையால் எழுதியிருந்தார்: தைக்கு முன் என் மகளின் கலியாணச் செய்தி வரவில்லையென்றால், வயிற்றுப் பிள்ளையோடு இவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அப்பு சொன்னால் செய்வார். அண்ணை அவர் முன் வாய் திறவார்.

ஆறு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டு, இந்தக் கிழமை வேறு கடிதம் எழுதினேன்.

டிசம்பர் பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம் நடந்தது. வளர்பிறை, வானத்தைப் பார்த்துத்தான் திகதி போட்டேன். உங்கள் தம்பி கலேயால் வந்தார். பெர்னடெற் அம்மா வீட்டில் வைத்துத் தாலி கட்டினார். எழுத்தும் முடிந்தது. விசா வரும்வரை நான் இங்கே, அவர் அங்கே. என் முத்திரை பிரான்ஸ் முத்திரையாக இருப்பதற்கு அந்தக் காரணம் போதும்.

நீங்களும் உங்கள் தங்கச்சிக்கு எழுதுவீர்கள். இரண்டு கடிதமும் ஒரே வீட்டில் வாசிக்கப்படும். ஆகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கூறை அரக்கு நிறம். சமையல், சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும். மாப்பிள்ளைக்கு மூக்கொழுகத் தடிமன். வந்தவர்கள் சைக்கிள் சங்கத்துப் பதினான்கு பேர். அவர்கள் மட்டும்தான் இதில் உண்மையான ஆட்கள்.

நான் இப்போது கலேப் பக்கம் ஓடுவதில்லை. கிழக்கே போகிறேன். பங்குனியில் ஒரு போட்டி இருக்கிறது, சங்கம் பெயர் கொடுத்திருக்கிறது.

உங்களோடு கடிதத் தொடர்பை விட நினைத்தேன். இந்தப் பொய்க்கு இரண்டு ஆள் வேண்டும்.

சிவனேஸ்வரி


மனோர் பார்க்
18.02.1990

அன்பு சிவனேஸ்வரிக்கு,

நீர் சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். இங்கே வீட்டுக்காரருக்கு முழங்கால் நோ, எனக்குப் பாதகமில்லை.

நீர் சொன்னதை எழுத்துத் தவறாமல் மார்கழியிலேயே ஊருக்கு எழுதிவிட்டேன். கூறை, பருப்பு, வாழைக்காய், தடிமன். உமக்கு எழுதத்தான் இரண்டு மாதமாய்க் கை வரவில்லை. தடிமனோடு நானும் கொஞ்சம் சேர்த்தேன். தாலி கட்டும்போது தம்பி தும்மினான், மதாம் மேளகாரருக்குப் பதிலாகச் சைக்கிள் மணி அடித்தா என்று. பொறுத்துக்கொள்ளும். எழுதும்போது அந்தக் கலியாணம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் நடந்தது. பாதியில் சிரித்தும் போனேன். பிறகு அவன் எங்கே இருக்கிறான், நீர் எங்கே இருக்கிறீர் என்று நினைவு வந்தது.

நேற்று ஊரிலிருந்து பதில் வந்தது. அப்பு கோயிலில் பொங்கினாராம். செல்வமலர் உம் வீட்டிலேயே இருக்கிறாள். ஆறாம் மாசம். வயிறு பெரிசு, பெட்டைப் பிள்ளையாம். படம் கேட்கிறார்கள். கமெரா பழுது என்று எழுதுவேன், நீரும் அப்படியே எழுதும்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறாள். அதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவளுடைய வார்த்தையிலேயே தருகிறேன்: “அக்கா, அங்கை சிவனேஸ்வரி மச்சாளுக்கும் ஏதும் விசேஷமோ? இரண்டு பிள்ளையும் ஒரு வயசாய் இருந்தால் நல்லது. அப்பு ஒவ்வொரு நாளும் கேக்கிறார்.”

இதற்கு நான் பதில் போடவேண்டும். உமக்கு வேறு கடிதம் போயிருக்கும், நீரும் போடவேண்டும். நான் என்ன எழுத, பிள்ளை? நீர் சொல்லும். உமது பதில் வரும்வரை நான் ஊருக்கு ஒன்றும் எழுதமாட்டேன்.

தவநாயகி